கார் கிளப்பின் சிம் ரேசிங் லீக்: வேகம் குறைந்தவர்களும் சேரலாம்

வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் ஆன்லைன் ரேஸ் என்று ஒதுங்கி நிற்கும் கிளப் உறுப்பினர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கார் கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும் நடத்தும் ஐரேசிங் (கணினியில் ஸ்டீயரிங் வீல் மாட்டி ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டும் மென்பொருள்) லீக்கில் நான் ஓட்டுவது வேகத்தை வைத்துப் பிரித்த மூன்று டிவிஷன்களில் கடைசியில், அங்கேயும் நடுவரிசைதான். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன், அமெச்சூர் லீக் என்ற அளவில் இது அருமையாக நடக்கிறது. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் நிஜ டிராக்குகள் மூடிக்கிடந்தபோது அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸ் மாதிரி பெரிய தொடர்களே ஐரேசிங்கில் ரேஸ் நடத்தி டிவியில் காட்டின. எங்கள் கிளப்பிலும் சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் டிராக் டேவுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த பலர் அப்போதுதான் மேஜையில் ஸ்டீயரிங் வீலை மாட்டினார்கள். டிராக்குகள் திறந்ததும் கூட்டம் கலைந்துவிடும் என்ற பேச்சு இருந்தது, ஆனால் கலையவில்லை, சீசனுக்குச் சீசன் ஆள் கூடிக்கொண்டே போனது. டிவிஷன் பிரித்ததுதான் அதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆரம்பத்தில் எல்லோரும் ஒரே கிரிட், அதாவது எல்லோரும் ஒரே ரேஸில் ஒன்றாக நின்று கிளம்புவோம். 45 நிமிட ரேஸ், ஒரு லேப் (டிராக்கில் ஒரு சுற்று) 90 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், முதலில் போகிறவர் 30 லேப் ஓட்டுவார். அவரைவிட லேப்புக்கு 3 விநாடி மெதுவாகப் போகிறவர் ரேஸ் முடிவதற்குள் கிட்டத்தட்ட ஒரு முழு லேப் பின்தங்கிவிடுவார். 5 விநாடி என்றால் கேட்கவே வேண்டாம், வேகமான கார் முந்த வருகிறது என்று காட்டும் நீலக் கொடியைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கியே நேரம் போய்விடும், சுற்றிலும் சண்டை போட ஒரு கார்கூட இருக்காது. அப்படி ஓட்டியவர்கள் சத்தமில்லாமல் வருவதை நிறுத்தினார்கள். ரேஸுக்கு முன் ஓட்டும் குவாலிஃபையிங் லேப்பின் நேரத்தை வைத்து மூன்றாகப் பிரித்த பிறகு நிலைமையே மாறிவிட்டது. இப்போது கடைசி டிவிஷனில் பதினோராம் இடத்துக்குக் கூட நான்கு கார்கள் கடைசி லேப் வரை ஒட்டிக்கொண்டு போகின்றன, ஒருவர் பிரேக் போடும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் மூன்று இடம் போய்விடும், அந்த நடுக்கம் முதல் டிவிஷன்காரர்களுக்கு இருப்பதைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சீசனின் மோசமான இரண்டு ரேஸ்களைப் புள்ளிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வாரம் வேலை இழுத்துவிட்டால் சீசனே போச்சு என்ற நிலை இல்லாததால் பாதியில் விடுகிறவர்கள் மிகவும் குறைவு.

அடுத்தது ஸ்டீவர்டுகள், அதாவது ரேஸில் நடக்கும் மோதல்களில் தப்பு யாருடையது என்று முடிவு சொல்கிறவர்கள். ஐரேசிங்கில் டிராக்கை விட்டு வெளியே போனால் 1 இன்சிடென்ட் புள்ளி (தவறுக்கான புள்ளி), கார் கட்டுப்பாடு இழந்து சுற்றினால் 2, இன்னொரு காரைப் பலமாக இடித்தால் 4. ஆனால் தப்பு யாருடையது என்று அது பார்ப்பதில்லை, இடித்தவருக்கும் 4, இடிபட்டவருக்கும் 4. முன்பின் தெரியாதவர்களோடு ஓட்டும் பொது ரேஸ்களில் இதனால் வரும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இந்த லீக்கில் யாராவது புகார் கொடுத்தால் ஸ்டீவர்டுகள் உட்கார்ந்து ரீப்ளேயை இரண்டு கார்களின் கோணத்திலும் பார்த்து, வளைவுக்குள் நுழையும்போது உள்ளே வந்த கார் எந்த அளவு பக்கத்தில் இருந்தது என்று பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள், காரணத்தையும் எழுதித் தருகிறார்கள். அந்தக் குறிப்புகளைப் படித்தே ரேஸ் எப்படி ஓட்டுவது என்று கற்றுக்கொண்டவர்கள் எங்கள் டிவிஷனில் நிறைய. அப்புறம், இடித்தவரை அடுத்த கிளப் கூட்டத்தில் நேரில் பார்க்க வேண்டியிருக்கும், அதனாலேயே எல்லோரும் கொஞ்சம் பொறுப்பாக ஓட்டுகிறார்கள்.

கடைசி டிவிஷனுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைத் தேர்ந்தெடுத்ததும் நல்ல முடிவு. ஐரேசிங்கில் பெரும்பாலான கார்களையும் டிராக்குகளையும் தனித்தனியாக வாங்க வேண்டும், ஆனால் இந்தக் கார் சந்தாவுடனேயே வருகிறது, லைம் ராக், லகுனா செக்கா, ஒகயாமா டிராக்குகளும் அப்படித்தான். புதிதாக வருகிறவர் கூடுதலாக எதுவும் வாங்காமல் சீசனைத் தொடங்கிவிடலாம். செட்டப்பும் (காரின் சஸ்பென்ஷன் போன்ற அமைப்புகள்) எல்லோருக்கும் ஒன்றே, ஆகவே சஸ்பென்ஷன் கணக்கு தெரியாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

சரி, குறைகள். நேரலை வர்ணனை முதல் டிவிஷனுக்கு மட்டும்தான். எங்கள் ரேஸ்களில் நடக்கும் சண்டையைப் பார்க்க வீட்டுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வழியே இல்லை, சீசனில் ஒரு தடவையாவது காட்டலாம். பிராக்டிஸ் சர்வர் ரேஸுக்கு முந்தைய நாள்தான் திறக்கிறது, புது டிராக் என்றால் அது போதவே போதாது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, ஆட்கள் கூடியும் ஸ்டீவர்டுகள் கூடவில்லை. முன்பெல்லாம் ஓரிரு நாளில் வந்த முடிவு இப்போது சில சமயம் அடுத்த ரேஸ் தொடங்கும் வரை இழுக்கிறது, யாருக்கு எத்தனை புள்ளி என்று தெரியாமலே கிரிட்டில் போய் நிற்கிறோம்.

சேருகிறவர்களுக்கு இரண்டே விஷயம். வைஃபையில் ஓட்டாதீர்கள், கேபிள் மாட்டுங்கள், உங்கள் இணைப்பு தடுமாறினால் மற்றவர் திரையில் உங்கள் கார் இடம் மாறி மாறித் தெரியும், தொடாமலே இடித்ததாக ஆகிவிடும். பணம் கொஞ்சம் செலவழிக்க முடியுமென்றால் வீலைவிட முதலில் பெடலை மாற்றுங்கள், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளக்கும் லோட் செல் பிரேக் இருந்தால் ஒவ்வொரு லேப்பிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பிரேக் போட வரும்.

ரேஸ் ஓட்ட நேரமில்லாத, ஆனால் நிஜ டிராக்கில் ஓட்டிப் பழகிய மூத்த உறுப்பினர்கள் கிளப்பில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை ஸ்டீவர்டு வேலைக்கு அழைத்து, டிவிஷனுக்கு ஒரு குழு என்று அடுத்த சீசனுக்கு முன்பே பிரித்துவிடுங்கள், நிர்வாகத்திடம் நான் கேட்பது இதைத்தான்.