மதுரை வெயிலில் ஓக் மரத்தரை: பதித்த பிறகு கண்டவை

மதுரையில் மரத்தரை போடப்போகிறோம் என்றதும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்த வெயிலுக்குத் தாங்குமா?" பல கோடைகளும் ஐப்பசி மழைகளும் கடந்துவிட்டன. இப்போது உறுதியாகச் சொல்கிறேன்: மரத்தரைக்குப் பெரிய பகை வெயில் அல்ல, தண்ணீர்தான். அதிலும் நாம் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிற தண்ணீர்.

எங்கள் வீடு வண்டியூர் கண்மாய்க்கு அருகில் இருக்கிறது. மழைக்காலத்தில் கீழ்த்தளத்துத் தரையில் ஈரம் ஏறும். அதனால் கூடத்தையும் சமையலறையையும் பூஜை அறையையும் தொடாமல், மாடியில் படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் மட்டும் மரம் என்று முடிவு செய்தோம். அங்கும் ஈரம் பார்த்தோம். ஒரு மீட்டர் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ, சிமெண்டின் நிறம் கறுத்திருந்தாலோ பலகையைக் கொண்டுவரக் கூடாது.

நாங்கள் ஓக் மரத்தை நினைத்தோம்; அப்பாவுக்கோ தேக்கைத் தவிர வேறெதுவும் மரமே இல்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. பச்சை மரம் முழுவதும் உலரும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் தேக்கு 5.8 விழுக்காடுதான் சுருங்கும்; வெள்ளை ஓக் 10.5 விழுக்காடு சுருங்கும். தேக்கின் வைரத்தைக் கரையானும் எளிதில் நெருங்காது. ஆனால் கதவுக்கு இல்லாத பாடு தரைக்கு உண்டு. நாற்காலி இழுபடும், பாத்திரம் விழும். கடினத்தை அளக்கும் ஜங்கா அளவில் வெள்ளை ஓக் 1,360, தேக்கு ஏறத்தாழ 1,000. ஓக்கின் சுருக்கத்தை அடக்கவும் வழி இருக்கிறது: எஞ்சினியர்டு பலகை. மேலே 4 மி.மீ. அசல் ஓக், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட். ஓர் அடுக்கு விரிய நினைத்தால் அடுத்த அடுக்கு இழுத்துப் பிடிக்கும். அதையே வாங்கினோம். டைல்ஸைவிட மூன்று மடங்குக்கு மேல் செலவானது.

கடைகளில் லேமினேட்டையும் மரத்தரை என்றே காட்டுவார்கள். அது அழுத்திய நார்ப்பலகையின்மேல் மரத்தின் படத்தை அச்சிட்டு ஒட்டியது. விலை குறைவு, கீறலும் லேசில் விழாது. ஆனால் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. துண்டு ஒன்றை வாங்கி வெட்டுமுகத்தைப் பாருங்கள், எது எதுவென்று தெரிந்துவிடும்.

பெட்டிகள் அதே அறையில் சில நாள் கிடந்து அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகுதான் வேலை தொடங்கியது. மீன்முள் போலக் கோக்கும் ஹெர்ரிங்போன் வடிவம் என்பதால் வெட்டுச் சேதாரத்துக்கு 15 விழுக்காடு கூடுதலாக வாங்கினோம். நீர் கலந்த வெள்ளைப் பசை வேண்டாம், பலகை அந்த நீரைக் குடித்துவிடும் என்று பாலியூரித்தேன் பசையைப் பயன்படுத்தினார்கள். வந்தவர்களில் மூத்தவர், சுவர் ஓரமெங்கும் சிறு மர ஆப்புகளைச் செருகி 10 மி.மீ. இடைவெளி விட்டார். "நெருக்கிப் போட்டால் மழைக்கு நடுவில் தூக்கிவிடும் சார். இந்த இடைவெளியைச் சுவரடியில் வைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும்" என்றார். மரத்தரையில் எதில் சிக்கனம் பார்த்தாலும் இந்த இடைவெளியில் பார்க்காதீர்கள்.

அவர் சொன்னது கண்ணெதிரே நடக்கிறது. சித்திரைத் திருவிழா நேரத்தில் பலகைகளின் இணைப்பில் நூல் பருமனுக்குக் கோடு தெரியும். ஐப்பசி பிறந்ததும் அது மறைந்துவிடும். முதல் கோடையில் மக்கு வைத்து அடைக்கலாமா என்று யோசித்தோம். அடைத்திருந்தால் மழைக்காலத்தில் மரம் விரிய இடமில்லாமல் போயிருக்கும்.

மேற்கு ஜன்னல் வெயில் நிறத்தை மாற்றுகிறது. பாய் விரித்திருந்த இடம் வெளிறி இருக்க, சுற்றிலும் தேன் நிறம் ஏறியிருந்தது. இப்போது பாயை அடிக்கடி இடம் மாற்றிப் போடுகிறோம், பிற்பகலில் திரையை இழுத்துவிடுகிறோம்.

ஒரு பெரிய சேதமும் உண்டு. ஏசியின் வடிகுழாய் கசிந்து, இரும்பு பீரோவின் காலடியில் நீர் தேங்கிக் கிடந்தது. ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். பீரோவை நகர்த்தியபோது கருநீல வட்டம் ஒன்று பலகைக்குள்ளேயே இறங்கியிருந்தது. ஆசாரி அந்த இடத்தின் மேல்பூச்சை மட்டும் தேய்த்தெடுத்து, ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவி, கழுவி உலரவிட்டுப் புதுப் பூச்சு அடித்தார். உற்றுப் பார்த்தால் மெல்லிய சாம்பல் விளிம்பு இன்னும் தெரிகிறது. அன்றிலிருந்து பீரோவின் கால்களுக்கு ரப்பர் கிண்ணம்.

துடைப்பதற்கு நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். வாளி, பெனாயில், எலுமிச்சை எதுவும் மாடி ஏறுவதில்லை. செருப்பை வாசலில் விடும் நம் வழக்கம் மரத்தரைக்குப் பெரிய பாதுகாப்பு, ஏனென்றால் மேல்பூச்சைத் தேய்ப்பது மணல்தான். மூட்டுவலிக்காரரான அம்மா மார்கழிக் காலையில் வெறுங்காலோடு நடப்பதற்கு இந்த அறைகளையே தேடி வருகிறார்.

மீந்த பலகைகளைப் பெட்டியோடு எடுத்து வைத்திருக்கிறோம். வாங்குகிறவர்கள் ஒரு பெட்டி சேர்த்தே வாங்கிவிடுங்கள். அடுத்த சரக்கில் அதே நிறம் வருமென்ற உறுதி இல்லை. கீறிப்போன பலகையை மாற்ற வேண்டிய நாளில் அதுதான் கைகொடுக்கும்.