காட்சியகத்தில் ஒரு விலை, கணக்கில் வேறொரு விலை

புதிய கார் வாங்க ஒரு விற்பனை நிலையத்துக்கு மூன்று முறை சென்ற பிறகு, அங்கே வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். தொலைபேசியில் சொன்ன விலை, கையெழுத்திடும் நேரத்தில் பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, கூடுதல் வாரன்டி, கையாளும் கட்டணம் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு வேறொரு தொகையாக நின்றது. அவற்றை நீக்கச் சொன்னபோது விற்பனையாளர் மாதத் தவணையைக் குறைத்துக் காட்டினார். கடன் காலத்தை 48 மாதங்களிலிருந்து 72 மாதங்களாக நீட்டினால் தவணை குறைந்தாலும் மொத்த வட்டி கூடும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மேலாளரைக் கேட்டு வருவதாக அடிக்கடி உள்ளே போனார். அப்படி ஒரு மேலாளர் இருந்தாரா என்பதே என் ஐயம்.

டெஸ்லாவைப் போல நிறுவனமே இணையத்தில் நேரடியாக விற்கும் முறையில் பேரம் பேசும் தொல்லை இல்லை. ஆனால் எல்லா நிறுவனங்களும் அவ்வாறு விற்பதில்லை. இறுதியில் ஒரு தனிநபரிடமிருந்து மூன்றாண்டு ஓடிய காரை வாங்கினேன். இரு தரப்பையும் சாராத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதித்து, 17 எழுத்தெண்கள் கொண்ட வாகன அடையாள எண்ணைப் பதிவு ஆவணத்தோடு ஒப்பிட்டு, வண்டியின் மீது கடன் நிலுவை இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே பணம் கொடுத்தேன். விற்பவரின் வாரன்டி இதில் இல்லை என்பது உண்மையான குறை. முதல் மாதத்திலேயே பிரேக் பேடுகளை என் செலவில்தான் மாற்றினேன்.