சிடி அளவீடு: நாகர்கோவிலில் நம்பிக் கொடுக்கலாம்

இடச்சுழல், வலச்சுழல் ஒளியை ஒரு மாதிரி எவ்வளவு வேறுபட்டு உறிஞ்சுகிறது என்று காட்டுவதுதான் சிடி (வட்ட இருநிறத்தன்மை) அளவீடு. எல்-சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் சேர்த்து வளர்த்த தங்க நானோதுகள்களுக்கு, நாகர்கோவிலில் உள்ள இந்தக் கல்லூரி ஆய்வகத்தின் சேவை நன்றாகவே பொருந்துகிறது. உறிஞ்சல் 1-ஐத் தாண்டினால் நீர்த்துத் தரச் சொல்கிறார்கள். சரிதான், ஒளி போதாவிட்டால் இரைச்சல்தான் ஏறும். கருவி தரும் மில்லிடிகிரி அளவை 32,980-ஆல் வகுத்து, பிறகு உறிஞ்சலால் வகுத்தால் ஜி-காரணி, அதாவது உறிஞ்சலோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு எவ்வளவு என்ற எண், கிடைக்கும். எல்-சிஸ்டைனின் கண்ணாடிப் பிம்பமான டி-சிஸ்டைனில் வளர்த்த மாதிரியையும் கூடவே கொடுங்கள். வளைவு தலைகீழாகத் திரும்பாவிட்டால் வளர்ப்பிலோ அளவீட்டிலோ கோளாறு.

வளர்ப்பைத் தொடங்கி வைக்கும் சிறு தங்கத் துகள்கள் கொண்ட விதைக்கரைசலைக் குறைத்தால் துகள் பெரிதாகி, வளைவின் முகடு சிவப்புப் பக்கம் (நீண்ட அலைநீளத்துக்கு) நகரும். இங்குள்ள கருவியோ 800 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. பாதி வளைவு போச்சு! அதைவிடத் தொல்லை ஏசி. வெளியே நம்மூர் வெக்கையில் தெளிவாக இருக்கும் சிடிஏபி (துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சோப்பு போன்ற வேதிப்பொருள்), 20 டிகிரியில் படிகமாகிக் குவெட்டில் (மாதிரி ஊற்றி அளக்கும் சிறு குப்பியில்) உள்ள கரைசலைக் கலக்கிவிடும். 30 டிகிரியில் வைத்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள், செய்து தருகிறார்கள்.