யுங்ஃபிராவ் ரயிலைவிட இந்த நடைதான்: ஷீனிகெ பிளாட்டேயிலிருந்து ஃபிர்ஸ்ட் வரை

சென்னையில் எந்த டூர்காரரிடம் சுவிட்சர்லாந்து என்று கேட்டாலும் யுங்ஃபிராவ்யோக் அல்லது டிட்லிஸ், இரண்டில் ஒன்றைப் போட்டுத்தான் திட்டம் தருவார்கள். நானும் அக்காவும் 2022 ஜூலைக் கடைசியில் போனபோது யுங்ஃபிராவ்யோக் போய்விட்டு வந்தோம். நல்ல இடம்தான், ஈகர் மலைக்கும் மோன்ஷ் மலைக்கும் உள்ளேயே குடைந்து 3454 மீட்டர் வரை ரயில் கொண்டு போயிருக்கிறார்கள், அதுவும் 1912-லேயே. ஆனால் அங்கே கூட்டத்தோடு நின்று பனியைப் பார்த்துவிட்டு இறங்கியதைவிட, இரண்டு நாள் கழித்து எங்கள் காலால் நடந்த ஒரு நடைதான் இன்றைக்கும் எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. ஷீனிகெ பிளாட்டேயில் தொடங்கி ஃபவுல்ஹார்ன் சிகரம் ஏறி, பாக்ஆல்ப் ஏரி வழியாக ஃபிர்ஸ்ட் என்ற இடம் வரை போகும் பாதை. சுமார் 16 கிலோமீட்டர். இதைப் பற்றித் தமிழில் யாரும் விவரமாக எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்டர்லாகனுக்குப் பக்கத்தில் வில்டர்ஸ்வில் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து பல்சக்கர ரயில், நம்ம ஊட்டி ரயில் மாதிரியே நடுவில் பல் வைத்த தண்டவாளம், 1893-லிருந்து ஓடுகிறது. மரப் பெஞ்சு, மெதுவான ஏற்றம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக 1967 மீட்டருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த ஊர்க் கோடையிலிருந்து அக்டோபர் வரைக்கும்தான் ஓடும் என்பதால் மே மாத லீவில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது, பாதையிலும் அப்போது பனி கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரைக்கும் நல்ல காலம். டிக்கெட் விலை நம் கணக்குக்கு அதிகம்தான், ஆனால் ஹாஃப் ஃபேர் கார்டு வாங்கிவிட்டால் இந்த ரயிலுக்கும் கடைசியில் இறங்கும் கேபிள் காருக்கும் பாதி விலை. நாலைந்து நாள் அந்தப் பக்கம் சுற்றுகிறவர்கள் கட்டாயம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரயிலை விட்டு இறங்கியதுமே எதிரே ஈகர் (3967 மீட்டர்), மோன்ஷ், யுங்ஃபிராவ் (4158 மீட்டர்) மூன்றும் வரிசையாக நிற்கும். யுங்ஃபிராவ்யோக்கில் நாம் அந்த மலைகளுக்கு மேலேயே இருப்பதால் அவற்றின் முழு உருவம் தெரிவதில்லை. இங்கே பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம், அடி முதல் நுனி வரை தெரிகிறது. கொஞ்சம் நடந்து முகட்டு ஓரத்துக்கு வந்தால் இன்னொரு பக்கம் பிரியென்ஸ் ஏரி, பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில், நேர் கீழே. வலது பக்கம் பனிமலை, இடது பக்கம் ஏரி, நடுவில் ஒரு ஆள் நடக்கிற பாதை. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கு மேல எதுக்குடி நடக்கணும்" என்றாள்.

இனி பாதையைப் பற்றி. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அந்த மஞ்சள் பலகைகள்தான். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கம்பம், அதில் ஊர்ப் பெயரும் போக ஆகும் நேரமும். கிலோமீட்டர் எழுதுவதில்லை, நேரம்தான் எழுதுகிறார்கள், அதுதான் மலையில் சரியான கணக்கு, ஏனென்றால் இரண்டு கிலோமீட்டர் என்பது சமதளத்தில் அரை மணி, ஏற்றத்தில் ஒன்றரை மணி. வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. பலகையின் முனையிலும் பாறைகளிலும் வெள்ளை சிவப்பு வெள்ளை அடித்திருந்தால் மலைப்பாதை, கால் உறுதியாக வைக்கத் தெரிந்தவர்களுக்கு. வெள்ளை நீலம் வெள்ளை என்றால் கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படலாம், நம் வேலை இல்லை, திரும்பிவிட வேண்டும். நாடு முழுக்க 65,000 கிலோமீட்டருக்கு இப்படிக் குறியிட்ட பாதைகள் இருக்கின்றன. எங்கள் பாதை முக்கால்வாசி வெள்ளை சிவப்பு வெள்ளை. ஒரு இடத்தில்கூட வழி தெரியாமல் நிற்கவில்லை. மேகம் வந்து பத்தடிக்கு மேல் தெரியாதபோதும் அடுத்த பாறையில் அந்தக் கோடு இருந்தது.

ஆனால் பலகை சொல்லும் நேரம் நிற்காமல் நடக்கிறவர்களுக்கு. அதில் ஓய்வு, சாப்பாடு, போட்டோ எதுவும் சேரவில்லை. ஷீனிகெ பிளாட்டேயிலிருந்து ஃபிர்ஸ்டுக்கு ஆறு மணி நேரக் கணக்கு, எங்களுக்கு எட்டரை ஆனது. அதனால் முதல் ரயில், இல்லாவிட்டால் இரண்டாவது ரயில் பிடித்தே ஆக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மழை வருவது சாதாரணம், முகட்டில் மின்னல் சமயத்தில் நிற்கக் கூடாது. ஃபிர்ஸ்டிலிருந்து கீழே போகும் கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தவறினால் கீழே இருக்கும் கிரிண்டெல்வால்ட் ஊர் வரை இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் இறக்கம், முட்டி தாங்காது.

முட்டி என்றதும் சொல்ல வேண்டும். நாங்கள் நங்கநல்லூர், ஊர் தட்டை. மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று நாள் பரங்கிமலைப் படி ஏறி இறங்கினோம், மற்ற நாளில் அபார்ட்மென்ட் படிக்கட்டை முதுகுப்பையோடு. முதலில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கினோம், அது தப்பு. மூச்சு இரண்டு வாரத்தில் பழகிவிடும், தொடையும் முட்டியும் இறக்கத்துக்குப் பழகத்தான் நாளாகும். பிறகு இறங்குவதையும் சேர்த்தோம், அது அங்கே காப்பாற்றியது. அலிபிரி வழியாகத் திருமலை ஏறியவர்களுக்கு இந்த ஏற்றம் பெரிதாகத் தெரியாது, ஆனால் அங்கே படி உண்டு, கூரை உண்டு. இங்கே மரமே வளராத உயரம், எட்டு மணி நேரமும் வெயில் நேராக மேலே. குளிர்தானே என்று சன்ஸ்கிரீன் போடாததில் எனக்குப் பின்கழுத்து தோலுரிந்தது. வெள்ளியங்கிரிக்கு மூங்கில் கம்பு எடுத்துக்கொண்டு போவோமே, அதே வேலைக்கு இங்கே மடக்குக் கம்பு, இரண்டாக வாங்குங்கள், ஒன்று போதாது.

ஷூ விஷயத்தில் ஏமாந்தோம். தி.நகரில் ஒரு கடையில் காலையில் போய் வாங்கினேன், கால் சரியாகப் பொருந்துவதுதான் நல்லது என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார் கடைக்காரர். மலை இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடிக்கும், அதற்கு இடம் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஃபவுல்ஹார்னிலிருந்து இறங்கும் ஒரு மணி நேரத்தில் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கிய பிறகு, தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்து, ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் படிக்கட்டில்.

சாப்பாடு. தங்கிய இடத்தில் சமையலறை இருந்ததால் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனோம், அந்தக் குளிரில் அது விறைத்துப்போகிறது, தொண்டையில் இறங்கவில்லை. கடலை மிட்டாயும் பேரீச்சையும்தான் கை கொடுத்தன. பாதி வழிக்கு மேல், 2344 மீட்டரில், மென்ட்லெனென் என்ற கணவாயில் பாறைக்கு ஒண்டிய ஒரு குடில் இருக்கிறது, அங்கே சூடாகக் குடிக்க ஏதாவது கிடைக்கும். மஞ்சள் அலகு வைத்த கறுப்புப் பறவைகள் அங்கே சுற்றிச் சுற்றி வந்தன, ஆல்ப்ஸ் மலைக் காக்கை, நம் காக்கை போலவே தலையைச் சாய்த்துப் பார்க்கும். அக்கா வழக்கம்போல ஒரு பிடி சாதம் வைக்கப் போனாள், பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா கை காட்டி வேண்டாம் என்றார். காட்டுப் பறவைக்கு அது நல்லதில்லை என்று பிறகு புரிந்தது.

அங்கிருந்து ஃபவுல்ஹார்ன் ஏற்றம்தான் நாளின் கஷ்டமான பகுதி. 2681 மீட்டர். சிகரத்துக்கு ஒட்டியே ஒரு ஹோட்டல், 1830-லிருந்து இருக்கிறது, ரோடும் கிடையாது, கேபிள் காரும் கிடையாது, நடந்து போகிறவர்களுக்கு மட்டும்தான் அங்கே காய்கறி சூப்பும் ரொட்டியும். அந்த சூப்புக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்குப் பத்து. சைவம் என்று சொன்னதும் கறிச்சாறு சேர்த்ததா என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னார் பரிமாறியவர். அடுத்த முறை அங்கே ஓர் இரவு தங்க ஆசை. சூரியன் எழுவதை நாலாயிரம் மீட்டர் மலைகளுக்கு நேரெதிரே உட்கார்ந்து பார்க்கலாம்.

இறங்கினால் பாக்ஆல்ப் ஏரி, 2265 மீட்டர். காற்று நின்றிருந்தால் ஷ்ரெக்ஹார்ன் சிகரம் அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும், எங்களுக்குக் காற்று அடித்தது, பாதிதான் தெரிந்தது. அங்கிருந்து ஃபிர்ஸ்டுக்கு அகலமான பாதை, ஒரு மணி நேரம்கூட ஆகாது. வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம், கிரிண்டெல்வால்டிலிருந்து கேபிள் காரில் ஃபிர்ஸ்ட் ஏறி இந்த ஏரி வரை மட்டும் போய்த் திரும்புங்கள். மேய்ச்சல் நிலத்து வேலிக் கதவைத் திறந்தால் திரும்பச் சாத்திவிட்டுப் போங்கள், மாடுகள் அருகே கன்று இருந்தால் சுற்றிப் போங்கள்.

போவதற்கு முன் போனில் சுவிஸ்டோப்போ செயலியை இறக்கி வரைபடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள், இலவசம். மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. பயணக் காப்பீடு எடுக்கும்போது மலை நடையும் மீட்புச் செலவும் அதில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குச் சென்னையில் போட்டுக் கொடுத்த முதல் காப்பீட்டில் அது இல்லை, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது படித்துப் பார்த்து மாற்றினோம்.

அக்காவுக்கு வயது 58. அடுத்த ஜூலைக்கு ஈகர் டிரெயில் என்று இப்போதே பரங்கிமலை ஏறிக்கொண்டிருக்கிறாள்.