எட்ஃபுவா, கொம் ஓம்போவா?

எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வானுக்குக் காரில் போனால் வழியில் இரண்டு கோயில் ஊர்கள் வரும். இரண்டும் நைல் கரையில்தான், இரண்டு கோயில்களும் எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து தாலமி மன்னர்கள் காலத்தவை. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஆனால் எங்கே நிதானமாகச் சுற்றுவது, எங்கே தலையைக் காட்டிவிட்டுக் கிளம்புவது என்று கேட்டால், எட்ஃபுவில் நில்லுங்கள் என்பேன். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

காரணம், கூரை. பருந்துத் தெய்வம் ஹோரஸுக்கான எட்ஃபு கோயிலை கி.மு. 237-இல் தொடங்கி கி.மு. 57-இல் முடித்திருக்கிறார்கள். பிற்பாடு மணல் மூடி, கோயில் மேலேயே ஊர்க்காரர்கள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஒகுஸ்த் மரியெத் மணலை அகற்றியபோது கட்டடம் கூரையோடு ஏறக்குறைய முழுசாகவே இருந்தது. 36 மீட்டர் உயர முகப்பைத் தாண்டி, வெயில் கொளுத்தும் முற்றத்திலிருந்து தூண் மண்டபத்துக்குள் போனதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே போகப் போகத் தரை ஏறுகிறது, கூரை தாழ்கிறது, வெளிச்சம் குறைகிறது. கடைசியில் கருவறை, அதில் ஒற்றைக் கல்லில் குடைந்த மாடம், மழமழவென்று. அது இந்தக் கோயிலுக்கும் மூத்தது, தாலமிகளுக்கு முந்தைய மன்னர் இரண்டாம் நெக்டனெபோ காலத்தது. கட்டியவர்கள் நினைத்தபடியே நடந்து பார்க்கும் வாய்ப்பு, கூரை போன கோயிலில் எப்படிக் கிடைக்கும்?

கருவறையோடு திரும்பிவிடாதீர்கள். வெளி மதிலை ஒட்டிய நடையில், ஹோரஸ் ஈட்டியால் குத்தும் நீர்யானை செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நீர்யானைதான் ஹோரஸின் எதிரியான சேத் தெய்வம். ஆனால் நாய்க்குட்டி அளவுதான்!

கொம் ஓம்போ அழகில்லை என்று சொல்லவில்லை. ஆற்றை ஒட்டிய மேட்டில் நிற்கிறது. முதலைத் தெய்வம் சோபெக்குக்கும் பருந்துத் தெய்வம் ஹரோயெரிசுக்கும் தனித்தனிக் கருவறை. பக்கத்திலேயே முதலை மம்மிகளின் அருங்காட்சியகம். குழந்தைகள் கூட வந்தால் அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் கூரை பெரும்பாலும் போய்விட்டது, நடுப்பகலில் ஒதுங்க இடம் குறைவு. நாங்கள் போனது டிசம்பரில். அப்போதே வெயில் சுட்டது.

அதனால் வெயில் ஏறும் நேரத்தை எட்ஃபுவில் கழித்துவிட்டு, சாயங்காலம் கொம் ஓம்போ போங்கள். கப்பலில் வருகிறவர்களுக்கு ஒரு விஷயம்: எட்ஃபுவில் படகுத்துறையிலிருந்து கோயில் தள்ளி, ஊருக்குள் இருக்கிறது. குதிரை வண்டியில் ஏறும் முன்பே போக, வர, காத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூலியைப் பேசிவிடுங்கள்.