கோபி பிரையன்ட்டா டிம் டங்கனா, யாரோட மேட்ச மொதல்ல பாக்குறது?

ரெண்டு பேரும் 2016ல ரிட்டயர் ஆன அமெரிக்க பாஸ்கெட்பால் ஆட்டக்காரங்க, ஆளுக்கு 5 சாம்பியன்ஷிப், கடைசி வரைக்கும் ஒரே டீம்.

விடைபெற்ற விதம்: கோபி சீசன் ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு, ஊர் ஊரா மரியாதை, கடைசி மேட்ச்ல 50 ஷாட் போட்டு 60 பாயின்ட், கால் தளர்ந்து மூச்சு வாங்குது ஆனாலும் விடல, இப்ப பாத்தாலும் எனக்கு கண்ணு கலங்கும். டங்கன்? ஜூலைல டீம் ஒரு அறிக்கை விட்டுச்சு, அவ்ளோதான்.

பாயின்ட்ஸ்: கோபி 33,643, டங்கன் 26,496.

ஃபைனல்ஸ் எம்விபி (இறுதித் தொடரோட சிறந்த ஆட்டக்காரர் விருது): கோபி 2, டங்கன் 3.

சிலிர்ப்பு வேணும்னா கோபி. நீங்களே ஆடுறவங்கன்னா டங்கன்தான், கூடைக்குப் பின்னாடி இருக்குற போர்டுல பட்டு உள்ள விழுற அந்த ஷாட்ட அப்படியே பழகலாம்.