தறி நின்னா தான் பாட்டு கேக்குது: ஸ்ட்ரீமரோட மூணு வருஷம்

ஏற்காட்டுல இருக்கற மச்சான் போன வாரம் போன் பண்ணி, "மாமா, நீங்க வெச்சிருக்கற அந்த ஸ்ட்ரீமர் பெட்டி 36,000க்கு எறங்கிருச்சு, வாங்கிப் போடட்டுமா"ன்னு கேட்டான். ஸ்ட்ரீமர்னா நெட்டுல இருந்தோ ஹார்ட் டிஸ்க்ல இருந்தோ பாட்ட எடுத்து ஆம்ப்ளிஃபயருக்கு குடுக்கற பெட்டி. அதே பெட்டிய மூணு வருஷம் முன்னாடி 48,000 குடுத்து வாங்குனவன் நான், வயித்தெரிச்சல் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. பதில் சொல்ல ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆச்சு, அங்க டவர் போயிருச்சு, அதான் மிச்சத்த எழுதிடறேன். கம்பெனி பேரு போடல, கேக்காதீங்க.

சவுண்ட்ல கொறை இல்ல. ப்ளூடூத்ல கேட்டு பழகுனவங்களுக்கு மொத நாளே வித்தியாசம் தெரியும். ஆனா எனக்கு அதவிட பெருசா பட்டது வேற, இதுல போன் வெறும் ரிமோட்டு தான், பாட்ட பெட்டியே வைஃபைல நேரா இழுத்துக்குது, நடுவுல மாமியார் போன் பண்ணி அரை மணி நேரம் பேசுனாலும் பாட்டு பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். அட்டைப்பெட்டி மேல டைடல், கோபஸ்னு நெட்டுல பாட்டு குடுக்கற சேவைங்களோட லோகோ வரிசையா போட்டிருந்தான், நான் வாங்கறப்ப அது ரெண்டுமே இந்தியாவுல கெடையாது, அத பாத்து மயங்குனது என் தப்பு.

சரி, எரிச்சலுக்கு வர்றேன். என்கிட்ட ஒரு 300 சிடி இருக்கு, எல்லாத்தையும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உக்காந்து ஃப்ளாக்கா, அதாவது தரம் கொறையாம சுருக்குன ஃபைலா, மாத்துனேன், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், சிடில இருக்கறது அப்படியே, மொத்தமே 100 ஜிபி பக்கம் தான் வந்துச்சு. ஹார்ட் டிஸ்க்க பின்னாடி சொருகி ஆப்ப தொறந்தா, அய்யோ. இந்த ஆப் எல்லாத்தையும் ஆர்ட்டிஸ்ட் பேர வெச்சு அடுக்கும். வெளிநாட்டு ஆல்பத்துக்கு அது சரி, ஒரு குழு, ஒரு பேரு. நம்ம சினிமா ஆல்பத்துல அஞ்சு பாட்டுக்கு ஏழு பாடகருங்க, அதுல டூயட்டு வேற, எஸ்.பி.பி ஒரு ஆளு, எஸ்.பி.பி கமா ஜானகி இன்னொரு ஆளு, ஜானகி கமா எஸ்.பி.பி மூணாவது ஆளு. ஒரு படத்து பாட்டு அஞ்சும் அஞ்சு தனித்தனி ஆல்பமா சிதறிக் கெடக்குது! எஸ்.பி.பி ஒருத்தரே எத்தன பேரா இருக்காருன்னு எண்ணிப் பாத்தேன், இனிஷியலுக்கு புள்ளி வெச்சவரு, வெக்காதவரு, நடுவுல எச் போட்டவரு, போடாதவரு, வெறும் பாலுன்னு ஒருத்தரு, ஆக மொத்தம் பதினொண்ணு. நாம யாராச்சும் ஆர்ட்டிஸ்ட் பேர சொல்லியா பாட்டு தேடறோம்? படத்து பேரு, இல்லன்னா ராஜா பாட்டு, எம்.எஸ்.வி பாட்டு, அவ்வளவு தான.

வழி இருக்கு. எம்பி3டேக்னு, பாட்டு ஃபைலுக்குள்ள இருக்கற பேரு விவரத்த மாத்தற ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்ங்கற கட்டத்துல இசையமைப்பாளர் பேர ஒரே மாதிரி அடிச்சு விட்டா படம் படமா சேந்துக்கும். ரெண்டு மாசம் அடிச்சேன். ஆசையா தமிழ்லயே அடிச்சேன், அங்க தான் விழுந்தேன். போன்ல அழகா தெரியுது, பெட்டி திரைல கொம்பு தனியா கால் தனியா கெடக்குது, 'கொ'ன்னு ஒரு எழுத்து மூணு துண்டா நிக்குது, புள்ளி எல்லாம் எதிர்ல வர்றவன் தலைல. கம்பெனிக்கு படத்தோட மெயில் போட்டேன், நன்றின்னு பதில் வந்துச்சு, அதுக்கப்பறம் நாலு அப்டேட்டும் வந்துச்சு, எழுத்து மட்டும் இன்னும் சேரல. திரும்ப மொதல்ல இருந்து இங்கிலீஷ்ல அடிச்சேன். அந்த ராத்திரி இத தூக்கி எங்க சேலத்து திருமணிமுத்தாத்துல போட்டுடலாம்னு இருந்துச்சு.

போன மே மாசம் இடில அடாப்டர் போயிருச்சு. சர்வீஸ் சென்டர்ல 4,200, மூணு வாரம்னாங்க. கடைவீதில ஒரு கடைக்காரர் வோல்ட், ஆம்ப்ஸ் பாத்து 350 ரூவால வேற குடுத்தாரு, இன்னும் ஓடுது.

இதெல்லாம் இருந்தும் ஏன் வெச்சிருக்கேன்னா, நான் இருக்கறது அம்மாப்பேட்டை, பக்கத்து சந்துல தறி. டக்கடக்கடக்குன்னு பொழுதுக்கும். அதுக்கு நடுவுல சிடிய விட துல்லியமான ஹைரெஸ் என்ன, லோரெஸ் என்ன. மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்ட நிறுத்துவாங்க, தறி அத்தனையும் ஒண்ணா நின்னு போயி தெருவே காதடைச்ச மாதிரி ஆயிரும். என் இன்வெர்ட்டர்ல ரவுட்டர், பெட்டி, ஆம்ப் மூணும் இருக்கு. நெட்டு வராது, ஆனா ரவுட்டருக்கு கரண்ட் இருந்தா வீட்டு வைஃபை உயிரோட தான் இருக்கும், ஹார்ட் டிஸ்க்ல இருக்கறது பாடும். அப்படி ஒரு நாள் வீணைக் கச்சேரி ஒண்ணு போட்டேன், கம்பி மேல வெரல் நகர்ற சத்தம் கேட்டுச்சு, சிடியா பத்து வருஷம் வெச்சிருந்தும் அது அதுக்குள்ள இருக்குன்னே தெரியாது. தட்டுவடை செட் வாங்க கெளம்புனவன் அப்படியே உக்காந்துட்டேன்.

இப்ப மச்சானுக்கு. வாங்காத. உன்கிட்ட சிடி ஒண்ணும் இல்ல, எஸ்டேட்ல நெட்டு இருக்கற லட்சணம் உனக்கே தெரியும், பழைய லேப்டாப்ல சில ஆயிரத்துக்கு ஒரு டாக், அதாவது டிஜிட்டல் பாட்ட அனலாக்கா மாத்தற கருவி, சொருகிக்க, போதும். இடி வேற அங்க அதிகம். ஆனா உன் வீட்டு சுத்துல காபிச் செடியும் சில்வர் ஓக்கும் தவிர ஒண்ணும் சத்தம் போடாது, இந்தப் பெட்டி பாட வேண்டிய எடம் அது தான்னும் தோணுது. அடுத்த மாசம் 20 கொண்டை ஊசியும் ஏறி நானே தூக்கிட்டு வர்றேன், ஒரு வாரம் வெச்சு கேப்போம். ஆசப்பட்டு வெலைக்கு மட்டும் கேக்காத, குடுக்க மாட்டேன்.